கால் நகர்கிறதா என்று பாருங்கள்: வி.ஆர். விளையாட்டும் தினசரி உடற்பயிற்சியும்

முகத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. இரண்டு கையிலும் ஏதோ பிடி மாதிரி ஒன்று. காலி அறையின் நடுவில் நின்றுகொண்டு காற்றில் கை வீசுகிறார், திடீரென்று குனிகிறார், யாருமே இல்லாத திசையைப் பார்த்து "அது எப்படி அவுட் ஆகும்?" என்று சண்டை போடுகிறார். வி.ஆர். விளையாட்டு ஆடுகிறவரை வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் கவலைகூட வரும். ஆனால் இருபது நிமிடம் கழித்து அந்தப் பெட்டியைக் கழற்றும்போது அவருடைய பனியன் நனைந்திருக்கும். பந்து பொய், மேசை பொய், எதிராளி வேறெங்கோ ஓர் ஊரில் தன் அறையில் நிற்கிறார். கை வீசியதும் குனிந்ததும் மட்டும் நிஜம்.

இதைத் தினசரி உடற்பயிற்சியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் எல்லா வி.ஆர். விளையாட்டும் உடற்பயிற்சி ஆகிவிடாது. எது ஆகும், எது ஆகாது என்று பிரித்துப் பார்க்க, அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

வி.ஆர். என்பது வர்ச்சுவல் ரியாலிட்டியின் சுருக்கம். மெய்நிகர் உண்மை என்று எழுதுகிறோம். பேசும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை, அதனால் நானும் வி.ஆர். என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். முகத்தில் மாட்டும் அந்தப் பெட்டிக்கு ஹெட்செட் என்று பெயர். அதற்குள் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் படம் காட்டப்படுகிறது. இடக்கண் பார்க்கும் படமும் வலக்கண் பார்க்கும் படமும் மிகச் சிறிதளவு மாறுபடும். நிஜ உலகத்தையும் நம் கண்கள் அப்படித்தான் பார்க்கின்றன என்பதால், மூளை இரண்டையும் சேர்த்து ஆழமுள்ள ஒரே காட்சியாக எடுத்துக்கொள்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் அந்தக் கணமே திரும்ப வேண்டும். அதற்காகத்தான் நொடிக்கு 72, 90, 120 என்ற கணக்கில் படம் மாறிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் தாமதமானாலும் வயிறு உடனே புகார் செய்துவிடும்.

இந்த யோசனை பழையது. 1968-இலேயே ஐவன் சதர்லண்ட் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் தலையில் மாட்டிக்கொள்ளும் காட்சிக்கருவி ஒன்றைச் செய்துகாட்டினார். அது கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும், தலையை அதற்குள் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் உடம்பை ஆட்டி விளையாடலாம் என்ற பழக்கத்தைப் பரவலாக்கியது 2006-இல் வெளிவந்த நின்டென்டோ வீ என்ற விளையாட்டுக் கருவி. அதில் பார்ப்பது டிவி திரையைத்தான். 2016-இல் ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ், பிளேஸ்டேஷன் வி.ஆர். என்ற மூன்று ஹெட்செட்களும் கடைக்கு வந்தன. மூன்றிலும் ஒரு நீளமான வயர் உண்டு. குத்துச்சண்டை ஆடும்போது காலில் சுற்றிக்கொள்ளும் வயரோடு எத்தனை நாள் உடற்பயிற்சி செய்வது? 2019-இல் வந்த ஆக்குலஸ் குவெஸ்ட்டுக்கு வயரும் வேண்டாம், தனிக் கணினியும் வேண்டாம். மாட்டினால் ஆட்டம் தொடங்கிவிடும். உடற்பயிற்சிக்காக வி.ஆர். வாங்கும் ஆட்கள் பெருகியது அதற்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு.

தலை, இரண்டு கை, அவ்வளவுதான்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். நீங்கள் அறையில் எங்கே நிற்கிறீர்கள், கையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது ஹெட்செட்டுக்கு எப்படித் தெரிகிறது? அதன் வெளிப்பக்கத்தில் சிறிய கேமராக்கள் இருக்கின்றன. அவை அறையின் மூலைகளையும் மேசை நாற்காலிகளின் ஓரங்களையும் பார்த்துக்கொண்டே, நாம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகின்றன. உள்ளே இருக்கும் சென்சார்கள் திரும்பும் வேகத்தையும் சாயும் கோணத்தையும் அளக்கின்றன. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரிலும் சென்சார்கள் உண்டு. பெரும்பாலான மாடல்களில் அதிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வரும், ஹெட்செட் கேமரா அதைப் பார்த்துக் கையின் இடத்தைக் கண்டுபிடிக்கும்.

ஆக, கருவிக்குத் தெரிந்தது மூன்றே புள்ளிகள். தலை, இடது கை, வலது கை. கால் என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. சில ஆட்டங்களில் கீழே பார்த்தால் கால் தெரியும், ஆனால் அது வெறும் ஊகத்தில் வரைந்தது.

உடற்பயிற்சி என்று பார்த்தால் விஷயம் இங்கேதான் இருக்கிறது. நம் உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. மூச்சு வாங்க வேண்டும், இதயம் வேகமாகத் துடிக்க வேண்டும் என்றால் அவை வேலை செய்ய வேண்டும். ஆனால் கால் என்ன செய்கிறது என்பதை ஆட்டம் கண்காணிக்கவே முடியாது. அதனால் நல்ல ஆட்டத்தை உருவாக்குகிறவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள்: தலைக்கு வேலை கொடுக்கிறார்கள். தலை உயரத்தில் ஒரு சுவர் பாய்ந்து வருகிறது, முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்தால்தான் தப்பிக்கலாம். குத்துச்சண்டையில் எதிராளியின் கை முகத்தை நோக்கி வருகிறது, தலையை நகர்த்த வேண்டுமென்றால் காலை நகர்த்தியே ஆக வேண்டும்.

எனவே ஓர் ஆட்டத்தைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இதில் ஜெயிக்க என் கால் நகர வேண்டுமா? வேண்டாம் என்றால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கில் தப்பே இல்லை, ஆனால் அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதக்கூடாது.

போனைச் செருகி முகத்தில் மாட்டிக்கொள்ளும் விலை மலிவான அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பெட்டி வகைகளையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். அவற்றுக்குத் தலை திரும்புவது மட்டும்தான் தெரியும். ஒரு அடி முன்னால் நடந்தால்கூடத் தெரியாது. வீடியோ பார்க்கலாம், உடம்பை ஆட்டி விளையாட முடியாது.

எந்த ஆட்டம் எவ்வளவு வியர்க்க வைக்கும்

உடல் உழைப்பை அளக்க மெட் என்று ஓர் அலகு இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றல் 1 மெட். 3 முதல் 6-க்குள் இருந்தால் மிதமான உழைப்பு, 6-ஐத் தொட்டால் கடுமையான உழைப்பு. உடல் எடையைக் கிலோவில் எடுத்து மெட்டால் பெருக்கினால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய எத்தனை கலோரி என்று வந்துவிடும். 60 கிலோ எடையுள்ளவர் 6 மெட் அளவில் அரை மணி நேரம் ஆடினால் சுமார் 180 கலோரி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும், அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான உழைப்பு வேண்டும். தினம் 25 நிமிடம், வாரத்தில் ஆறு நாள் என்றால் 150 வந்துவிடுகிறது. வி.ஆர். அமர்வு ஒன்றுக்கு 25 நிமிடம் சரியான அளவும்கூட. அதற்குமேல் போனால் முகத்தில் இருக்கும் பெட்டி கனக்க ஆரம்பித்துவிடும்.

ஹெட்செட்டே கலோரி கணக்கு காட்டும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். தலையும் கையும் எவ்வளவு அசைந்தன, நீங்கள் சொன்ன எடை என்ன என்பதை வைத்துப் போடும் மதிப்பீடுதான் அது. அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. ஆடும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் உழைப்பு மிதமானது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையானது. இணையத்தில் இன்னொருவரோடு மைக் போட்டுக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை தானாகவே நடந்துவிடும்.

இந்த அளவுகோலில் குத்துச்சண்டைக்குத்தான் முதலிடம். த்ரில் ஆஃப் த ஃபைட் போன்ற ஆட்டங்களில் எதிரே ஓர் ஆள் நிற்பார். உங்கள் கையின் வேகத்தை வைத்து அடியின் பலம் கணக்கிடப்படும். மூன்று நிமிடச் சுற்று என்றால் கேட்பதற்குச் சின்ன நேரம்தான். முதல்முறை ஆடும்போது ஒன்றரை நிமிடத்திலேயே மணியடிக்க மாட்டார்களா என்று தோன்றும். எதிரே இருப்பது உருவமே தவிர ஆள் இல்லை என்று அறிவுக்குத் தெரியும், ஆனால் கை முகத்துக்கு நேரே வரும்போது உடம்பு அதை நம்புவதில்லை, தானாகவே விலகும்.

பீட் சேபர் எல்லோரும் கேள்விப்பட்ட ஆட்டம். 2018-இல் செக் குடியரசின் பிராகா நகரத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து வெளியிட்டது. பாட்டின் தாளத்துக்கு ஏற்றபடி கட்டைகள் பறந்து வரும், இரண்டு கையிலும் இருக்கும் ஒளிவாளால் வெட்ட வேண்டும். கடினமான நிலைகளில் நன்றாகவே வியர்க்கும். ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. நன்றாகப் பழகியவர்கள் மணிக்கட்டை மட்டும் சொடுக்கியே ஏராளமான கட்டைகளை வெட்டிவிடுவார்கள். ஆட்டம் நன்றாக வர வர, உடற்பயிற்சி குறைந்துகொண்டே போகும்! வியர்வைக்காக ஆடுகிறீர்கள் என்றால் தோளிலிருந்து முழுக் கையையும் வீசி வெட்டுங்கள். ஸ்கோரும் அதற்குத்தான் கூடுதலாகக் கிடைக்கும், ஏனென்றால் வெட்டுக்கு முன்னும் பின்னும் வாள் எவ்வளவு அகலமாகச் சுழன்றது என்பதற்கும் அதில் புள்ளி உண்டு.

மினி கோல்ஃப் அருமையான ஆட்டம். நண்பர்களோடு அரட்டை அடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும். வியர்வை மட்டும் வராது. கிரிக்கெட் பேட்டிங்கும் கிட்டத்தட்ட அப்படித்தான்: அடிக்கும் கணம் சுறுசுறுப்பு, அடுத்த பந்து வரும்வரை நிற்பது.

டேபிள் டென்னிஸுக்குத் தனி இடம்

எனக்கு மிகவும் பிடித்தது டேபிள் டென்னிஸ் என்பதால் இதில் கொஞ்சம் நீட்டுகிறேன். வி.ஆருக்காகவே கண்டுபிடித்தது போல் பொருந்திய விளையாட்டு இது. காரணம் எளிமையானது. நிஜ டேபிள் டென்னிஸ் பந்து 40 மில்லிமீட்டர் விட்டம், எடை 2.7 கிராம்தான். மட்டையில் பட்டால் கையில் உணர்வதே மிகக் குறைவு. கன்ட்ரோலர் ஒரு சின்ன அதிர்வு கொடுத்தாலே மூளை "பந்து பட்டது" என்று ஒப்புக்கொண்டுவிடும். டென்னிஸ் பந்து ஐம்பது கிராமுக்கு மேல். அது மட்டையில் மோதும்போது மணிக்கட்டு வரை வரும் அதிர்ச்சியை எந்த அதிர்வு மோட்டாராலும் காட்ட முடியாது. அதனால்தான் வி.ஆர். டென்னிஸ் எப்போதும் கொஞ்சம் பொம்மை ஆட்டம் போலவே இருக்கிறது.

லெவன் டேபிள் டென்னிஸ் என்ற ஆட்டத்தில் பந்தின் சுழற்சி, காற்றில் அது வளையும் விதம், மேசையில் பட்டபின் எகிறும் கோணம் எல்லாமே இயற்பியல் கணக்குப்படி நடக்கும். டாப்ஸ்பின் போட்டால், அதாவது பந்து முன்பக்கமாகச் சுழலும்படி அடித்தால், கீழே இறங்கும், வெட்டி அடித்தால் மிதந்து போய் நிற்கும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், வி.ஆரில் மட்டும் டேபிள் டென்னிஸ் பயிற்சி செய்தவர்கள், எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களைவிட நிஜ மேசையில் நன்றாக ஆடினார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: மேசை இல்லை. ஓர் ஆட்டம் ஜெயித்த சந்தோஷத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு மேசைமேல் கையூன்றிச் சாயப் போனேன். அப்புறம் என்ன, தரையில்தான் இருந்தேன். இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. டேபிள் டென்னிஸ் ஆடும் யாரைக் கேட்டாலும், "ஒருமுறை" என்று ஆரம்பிப்பார்கள். சிலர் ஆட்டம் முடிந்ததும் மட்டையை மேசைமேல் வைப்பதாக நினைத்துக் கன்ட்ரோலரைக் கீழே போட்டிருக்கிறார்கள். மணிக்கட்டுக் கயிற்றை மாட்டுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கால் விஷயத்துக்கு வருவோம். டேபிள் டென்னிஸை நின்ற இடத்திலேயே நின்று கையை மட்டும் நீட்டியும் ஆடலாம், பெரும்பாலான புதியவர்கள் அப்படித்தான் ஆடுவார்கள். முட்டியை லேசாக மடக்கி, குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, பந்துக்குப் பந்து பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து ஆடிப் பாருங்கள். அதே ஆட்டம்தான், ஆனால் பத்து நிமிடத்தில் ஆள் வேறு மாதிரி ஆகிவிடுவீர்கள்.

உடம்பு ஏமாறும் இடங்கள்

டிரெட்மில்லில் இருபது நிமிடம் ஓடினால் கடிகாரத்தைப் பத்து முறை பார்ப்போம். வி.ஆரில் இருபது நிமிடம் போனதே தெரியாது. கவனம் முழுக்கப் பந்தின்மேல் இருப்பதால் களைப்பு உறைப்பதில்லை. தினமும் செய்ய வைப்பது இந்தக் குணம்தான். ஆபத்தும் அதே குணத்தில்தான் இருக்கிறது. களைப்பு தெரியாத அளவுக்கு ஆடுகிறவருக்கு வலியும் தாமதமாகத்தான் தெரியும். வெளியே கழற்றி வைத்தபிறகு, தோள் பேச ஆரம்பிக்கும்.

குறிப்பாகக் குத்துச்சண்டை. நிஜத்தில் கை எதிலாவது பட்டு நிற்கும். வி.ஆரில் தடுக்க எதுவும் இல்லை, முழு வேகத்தில் போன கையை முழங்கை மூட்டுதான் பிடித்து நிறுத்த வேண்டும். முழங்கை முழுதாக நீள்வதற்கு ஒரு விரற்கடை முன்பே குத்தை நிறுத்தப் பழகுங்கள். மணிக்கட்டில் எடை கட்டிக்கொண்டு ஆடினால் பலன் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்; அந்த எடையையும் அதே மூட்டுதான் தாங்க வேண்டும். ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம் தோளைச் சுழற்றி, கழுத்தைத் திருப்பி, இரண்டு மூன்று முறை உட்கார்ந்து எழுந்தால் போதும்.

அடுத்தது தலைசுற்றல். கன்ட்ரோலரில் ஒரு சிறிய குச்சியைத் தள்ளினால் ஆட்டத்துக்குள் நீங்கள் ஓடுவது போலக் காட்டும் விளையாட்டுகள் உண்டு. கண் "ஓடுகிறோம்" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நின்றுகொண்டுதான் இருக்கிறோம்" என்கிறது. இந்த முரண்பாட்டில் குமட்டல் வந்துவிடும். டேபிள் டென்னிஸ், குத்துச்சண்டை, பீட் சேபர் போன்றவற்றில் நீங்கள் ஓரடி நகர்ந்தால் காட்சியும் ஓரடிதான் நகரும், அதனால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு இருக்காது. புதிதாக வருகிறவர்கள் இவற்றிலிருந்து ஆரம்பிப்பதே நல்லது. எப்போதாவது வாயில் எச்சில் ஊறி வியர்வை குளிர்ந்தால் உடனே கழற்றிவிடுங்கள். "கொஞ்சம் பொறுத்தால் பழகிவிடும்" என்று தொடர்ந்தால் அன்றைய பொழுது போய்விடும்.

வலிப்பு நோய் உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், சமநிலைக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். குழந்தைகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வயது வரம்பு வைத்திருக்கிறது, அதை மீற வேண்டாம்.

இடமும் சாமானும்

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும். ஹெட்செட்டில் அந்த எல்லையை வரைந்துகொண்டால், கை அதைத் தாண்டும்போது கண்முன் ஒரு கோட்டுச் சுவர் தெரியும். ஆனால் வேகமாக வீசிய கை அந்தச் சுவரைப் பார்த்து நிற்காது. அதனால் கதவு, டிவி, கண்ணாடி அலமாரி எல்லாவற்றிலிருந்தும் ஒரு கை நீளம் தள்ளியே எல்லை போடுங்கள். எல்லோரும் நாலு பக்கமும் பார்ப்பார்கள், மேலே பார்க்க மறந்துவிடுவார்கள். மின்விசிறிக்கு நேர்கீழே நின்று கையைத் தூக்கி ஆட வேண்டாம்.

நடுவில் ஒரு சின்னக் கால்மிதியைப் போட்டுவிடுங்கள். காலுக்கடியில் அது இருக்கிறவரை நீங்கள் நடுவில்தான் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். காசே ஆகாத இந்த ஏற்பாடு எத்தனையோ சுவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அது வழுக்காததாக இருக்க வேண்டும். அறைக்குள் குழந்தையோ நாயோ வராமல் கதவைச் சாத்திக்கொள்வதும் அவசியம்.

குவெஸ்ட் வரிசையில் பின்னால் வந்த மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் எடை சுமார் 515 கிராம். அரைக் கிலோ என்பது கையில் ஒன்றுமில்லை. மூக்குக்கு முன்னால் தொங்கும்போது கழுத்துக்குத் தெரியும். தலையின் பின்பக்கத்தை நன்றாகப் பிடிக்கும் பட்டை வாங்கிப் போட்டால் அந்தத் தொந்தரவு பாதி குறையும். முகத்தில் படும் துணி மெத்தை வியர்வையைக் குடித்துக்கொண்டு நாறும் என்பதால், துடைத்துவிடக்கூடிய சிலிக்கோன் உறை போட்டுக்கொள்ளுங்கள். காட்சி மங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் லென்ஸ்களுக்கு இடையிலான தூரம் சரியில்லை. பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிக்கும் நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும். உங்களுக்கு எவ்வளவு என்று பார்த்துத் திருகிக்கொள்ளலாம். வெயில் படும் இடத்தில் ஹெட்செட்டை வைத்துவிடாதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து உள்திரையைச் சுட்டுவிடும், அந்தப் புள்ளி மறையவே மறையாது.

வி.ஆரால் முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எதையும் தூக்குவதில்லை, தள்ளுவதில்லை, இழுப்பதில்லை. மூச்சுக்கும் இதயத்துக்கும் பயிற்சி கிடைக்கிறது, தசை பலத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேண்டும் என்று அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் சொல்கிறது. அதை ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

முதல் வாரம் தினம் பத்து நிமிடம் போதும். நான் அப்படி ஆரம்பிக்கவில்லை, முதல் நாளே ஒரு மணி நேரம் ஆடினேன். அந்த வாரம் முழுக்க வலது தோள் மட்டும் வலித்தது, சட்டை மாட்டக்கூட முடியவில்லை. மரம் மாதிரி நின்றுகொண்டு கையை மட்டும் வீசியிருக்கிறேன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலையில் மாடிப்படி இறங்கும்போது தொடை இரண்டும் பிடித்துக்கொண்டன. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன், முந்தின நாள் எவ்வளவு குனிந்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே.